பிக்கரிங்கில் ஓர் ஆர்ஜென்ரீனக் கொலை

வியாழன், பிற்பகல்.

"பயணத்தின் நோக்கம்?" என்று ரொறொன்ரோ விமான நிலையத்தில் குடிவரவு அலுவலர் கேட்டார்.

"அக்காவைப் பார்க்க வந்தேன்" என்றேன். அது உண்மை. மற்ற உண்மையையும் சொல்லியிருந்தால் எனக்குப் பின்னால் நின்ற வரிசை இன்னும் நீண்டிருக்கும். ஒரு கொலைக்கதையை எழுதியவரிடம் அனுமதி வாங்கவும் வந்திருந்தேன்.

நான் கொழும்பில் மென்பொருள் சோதனையாளராக வேலை செய்கிறேன். பிறர் எழுதிய நிரலில் பிழை தேடுவது என் தொழில். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் புவெனஸ் அயர்ஸில் இருப்பதால் ஸ்பானிய மொழி படிக்க வேண்டி வந்தது. பயிற்சிக்கு ஆசிரியை கொடுத்தவை ஆர்ஜென்ரீனத் துப்பறியும் சிறுகதைகள். வகுப்பு முடிந்த பிறகும் கதைகளை விட முடியவில்லை.

அந்த நாட்டுக்கு இதில் நீண்ட மரபு இருக்கிறது. முதலில் ஆங்கிலத் துப்பறியும் கதைகளை மொழிபெயர்த்தார்கள். பிறகு அவற்றைப் போல எழுதினார்கள், பிறகு அவற்றையே கேலி செய்தார்கள், கடைசியில் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். எழுதியவர்களில் பலர் பகலில் பத்திரிகையிலோ நூலகத்திலோ வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய கதைகளில் துப்பாக்கி குறைவு, யோசனை அதிகம். துப்பறிபவர் பொலிசாக இருப்பது அரிது. பொலிசை மக்கள் நம்பாத காலங்களைக் கண்ட நாடு அது. இதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய நேர்மை. வாசகரை ஏமாற்றுவார்கள், ஆனால் தடயத்தை ஒளிக்கமாட்டார்கள். அது வாசகரின் கண்முன்னே கிடக்கும்.

அப்படி ஏழு கதைகளைத் தமிழாக்கினேன். ஆறுக்கு மின்னஞ்சலிலேயே அனுமதி கிடைத்தது. ஏழாவதை எழுதிய மிர்த்தா பல வருடங்களாக ரொறொன்ரோவில் வசிப்பவர். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். முன்பு வேறொரு மொழியில் அவருடைய கதைக்கு மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்புப் போட்டுத் தடயத்தை விளக்கிவிட்டாராம். இரண்டாம் பக்கத்திலேயே வாசகருக்குக் கொலையாளி தெரிந்துவிட்டது. ஆகவே இந்த முறை குறிப்பும் கூடாது, முன்னுரையில் விளக்கமும் கூடாது. "உன் மொழிக்காரர் ஒருவருக்கு வாசித்துக் காட்டு. முடிவுக்கு முன் அவர் உன்னை நிறுத்திக் கொலையாளியைக் காரணத்தோடு சொன்னால் கதையை எடுத்துக்கொள். இல்லாவிட்டால் அது இன்னும் உங்கள் மொழிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்" என்று எழுதியிருந்தார்.

பதிப்பாளர் நான் திரும்பும்வரைதான் காத்திருப்பார். பிறகு ஆறு கதைகளோடு புத்தகம் அச்சுக்குப் போகும். இந்த வேலையை நான் தொடங்கியதே அந்த ஏழாவது கதைக்காகத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கதையின் பெயரையும் பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கொலை நடந்த விதத்தை மாற்ற முடியவில்லை. புத்தகத்தை முதலில் படிக்க விரும்புபவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டுப் பிறகு வரலாம்.

விமான நிலையத்துக்கு வந்தவர் அத்தான், பெரியம்மாவின் மகள் ரஜனி அக்காவின் கணவர். வீடு விற்பனை முகவர். ஸ்ரௌவ்வில் என்ற புறநகர்ப் பக்கம் புதிய வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் தன் கையால்தான் வீட்டுச் சாவி வாங்கினார்கள் என்று சொல்லிக்கொள்வார். மற்றப் பாதியைப் பற்றிக் கேட்கக்கூடாது.

"என்ன மச்சாள், கொலைக் கேஸ் ஒண்டோட வந்திருக்கிறீராம்?"

"ஒண்டில்லை அத்தான், ஏழு."

"ஏழோ! ஆருக்கும் சொல்லிப்போடாதையும். கொலை நடந்த வீடெண்டு தெரிஞ்சா எங்கட றோட்டில விலை விழுந்திடும்."

நெடுஞ்சாலை 401 நகரத்தை மேற்கிலிருந்து கிழக்காக வெட்டிக்கொண்டு போகிறது. விமான நிலையத்திலிருந்து அவர்கள் வீடு இருக்கும் பிக்கரிங் ஐம்பது கிலோமீற்றர் அளவு. போகும் வழியெல்லாம் அத்தானின் தொலைபேசி ஒலித்தபடி இருந்தது. ஒக்ரோபர் கடைசி என்பதால் சாலையோர மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. நான் அவற்றைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு வெளிவழியிலும் வீட்டு விலை சொன்னார்.

வெள்ளி.

நேர மாற்றத்தால் பாதி நாள் தூங்கினேன். மாலையில் ரஜனி அக்கா ஸ்காபுரோவுக்குக் கூட்டிப்போனார். மட்டன் றோல் ஒன்று இரண்டு டொலர். கொத்துரொட்டிப் பொதி பதின்மூன்று டொலர், இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். கடையில் ஆங்கிலம் பேசத் தேவையே வரவில்லை. மன்னாரில் நான் கேட்டு வளர்ந்த பேச்சுக்கு இடையில் 'மோட்கேஜ்', 'ஷிஃப்ற்', 'பார்க்கிங்' என்று வந்து விழும் சொற்கள் மட்டும்தான் நான் வேறு நாட்டில் இருப்பதை நினைவூட்டின.

மறுநாள் வாசிப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று அக்கா சொன்னார். அவருடைய வாசிப்பு வட்டம் மாதம் ஒருமுறை வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் கூடும். எனக்காகத் திகதியை முன்னுக்கு இழுத்திருந்தார். எட்டுப் பேரை அழைத்து இடியப்பத்துக்கும் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அவர் செய்ததில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். சிறிய பங்குதான்.

சனி, மாலை நான்கு மணி.

அத்தான் ஒரு வீட்டைக் காட்டப் போய்விட்டார். வந்தவர்களில் மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். மன்னாரைச் சேர்ந்த ஞானம் அன்ரி, துப்பறியும் கதைகளை வாரத்துக்கு ஒன்றாகத் தின்பவர். அவருடைய கணவர் பீற்றர் அங்கிள். அக்காவின் மகள் அபி, பல்கலைக்கழகத்தில் படிப்பவள்.

கதை இதுதான். ஒரு சிறிய ரயில் நகரம். ஓய்வுபெற்ற நிலைய அதிபர் டொன் எமிலியோ அந்த ஊரிலேயே மிகவும் மரியாதை தெரிந்தவர். ஒவ்வொரு செவ்வாயும் அவர் வீட்டுக்கு மூன்று பேர் வருவார்கள்: விதவையான மைத்துனி, மருந்துக்கடைக்காரர், பாடசாலை ஆசிரியை. எல்லோரும் 'மாத்தே' குடிப்பார்கள். அது ஒரு சுரைக்குடுவையில் உலர்ந்த இலையை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிக்கும் பானம். குடுவையும் ஒன்று, குழலும் ஒன்று. ஒருவர் குடித்து முடித்ததும் வீட்டுக்காரர் மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். கதை ஒரு செவ்வாயில் தொடங்குகிறது. அடுத்த செவ்வாய் இரவு மைத்துனி நஞ்சால் இறந்துபோகிறார். நால்வரும் ஒரே குடுவையில், ஒரே குழலில் குடித்தவர்கள், மற்ற மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பொலிஸ் மாத்தேயை விட்டுவிட்டு ஆசிரியை கொண்டுவந்த கேக்கையும் மருந்துக்கடைக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையையும் பின்தொடர்கிறது.

இந்த இடத்தில் எனது முதல் தடை வந்தது.

"பிள்ளை, கொஞ்சம் நிப்பாட்டு" என்றார் ஞானம் அன்ரி. "ஒரே குழாயில நாலு பேரோ?"

"ஓம் அன்ரி."

"கழுவாமலோ?"

"கழுவாமல்தான்."

"அப்ப இது கொலையில்லை. தொத்து வருத்தம்."

"உமக்கு எச்சில் எண்டா உயிர் போயிடும். அவையளுக்கு அப்பிடியே?" என்றார் பீற்றர் அங்கிள்.

"அந்த மனுசிக்குப் போட்டுதே!"

நிலக்கீழ்த் தளம் முழுவதும் சிரித்தது. அபி மட்டும் தீவிரமாக, "வெயிற், வெயிற். அந்த ரீச்சர் கேக்கை தான் சாப்பிட்டவவோ? அவ சாப்பிட்டதெண்டு எங்கேயும் சொல்லேல்லை" என்றாள். நல்ல வாசகி. ஆனால் தவறான பாதை. மருந்துக்கடைக்காரருக்கு நான்கு வாக்கு, ஆசிரியைக்கு மூன்று வாக்கு, தொற்றுநோய்க்கு ஒன்று. டொன் எமிலியோவை யாரும் தொடவில்லை.

கடைசிப் பக்கத்தை வாசித்தேன். ஆசிரியை ஊர் மருத்துவரிடம் ஒரே ஒரு வரி சொல்கிறார்: "அன்று முதல் குடுவையை அவர் அவளுக்குக் கொடுத்தார்." நஞ்சு குழலுக்குள் தடவப்பட்டிருந்தது. முதல் உறிஞ்சலோடு அது போய்விட்டது. பிறகு குடித்தவர்களுக்கு ஆபத்தில்லை. கதை முடிந்தது.

உடனே ஞானம் அன்ரி சொன்னார். "அவ வீட்டுக்கு வந்த ஆள். வந்த ஆளுக்குத்தானே முதல் குடுப்பினம்? அதை வைச்சு அந்த ரீச்சர் எப்பிடிக் கண்டுபிடிச்சவ? சும்மா குருட்டு வாக்கில சொல்லுறா."

"மூண்டு பேர் வந்தவையெல்லோ. அதில இவவுக்கு முதல் குடுத்திருக்கிறார்" என்று நான் விளக்கப் பார்த்தேன். அப்படித்தான் அந்த வரியை நான் விளங்கி வைத்திருந்தேன்.

"சொந்தக்காரி. வயசும் கூட. ஆருக்குக் குடுக்கிறது பின்ன?"

சோதனையில் ஒரு மென்பொருள் விழுந்தால் பிழை எந்த வரியில் என்று தேடுவேன். இங்கே எல்லா வரியும் சரியாகத்தான் இருந்தது. அக்கா இடியப்பத்தைக் கொண்டுவந்து என் தட்டில் இரண்டு கூடுதலாக வைத்தார்.

ஞாயிறு, காலை.

மிர்த்தாவைப் பார்க்க நகரத்தின் மேற்குப் பக்கம் போனேன். பிக்கரிங்கிலிருந்து புறநகர் ரயில். வார இறுதி நாள் சீட்டு பத்து டொலர், நாள் முழுவதும் எத்தனை தரமும் ஏறி இறங்கலாம். தெற்கு நோக்கிய யன்னல் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். புறப்பட்டுச் சற்று நேரத்தில் தண்டவாளம் ஒன்ராறியோ ஏரியின் விளிம்புக்கே வந்துவிடுகிறது. ரயிலுக்கும் தண்ணீருக்கும் இடையில் கற்களும் ஒரு நடைபாதையும் மட்டும்தான். அன்று ஏரி சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. எதிரில் இருந்த பெண் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தினமும் போகிறவர் போலும்.

யூனியன் நிலையத்தில் சுரங்க ரயிலுக்கு மாறினேன். அட்டையைத் தட்டினால் மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணி நேரத்துக்குள் மேலும் எத்தனை வண்டி மாறினாலும் அதே காசு. செயின்ற் கிளயர் வெஸ்ற் நிலையத்தில் இறங்கியவர்கள் வெளியே வரவே தேவையில்லை. வீதி ட்ராம் நிலையத்துக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. குளிர்நாட்டுக்காரரின் இந்த யோசனையை மனதார வாழ்த்தினேன். டவரின் வீதிச் சந்தியில் இறங்கினேன். இத்தாலிய, போர்த்துக்கேய, லத்தீன் அமெரிக்கக் கடைகள் கலந்து நிற்கும் தெரு. ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் மிர்த்தாவின் வீடு.

நாற்பத்தைந்து வயதிருக்கும். பல் ஆய்வகம் ஒன்றில் செயற்கைப் பற்கள் செய்கிறார். கதவைத் திறந்ததும் என் பற்களைத்தான் முதலில் பார்த்தார். "நன்றாக இருக்கின்றன. என்னிடம் வேலை இல்லை உனக்கு" என்றார். நாங்கள் பேசியது ஸ்பானிய மொழியில். இங்கே தமிழில் தருகிறேன்.

அடுக்களை மேசையில் உட்கார்ந்தோம். கதையில் மட்டுமே நான் கண்டிருந்த சுரைக்குடுவையும் குழலும் என்முன்னே இருந்தன. மிர்த்தா இலையை நிரப்பி, கொதிக்கவிடாத வெந்நீரை ஊற்றி, தானே உறிஞ்சினார். நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். வந்த ஆள் முன்னால் இருக்க வீட்டுக்காரர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு மறுபடி ஊற்றி என்னிடம் கொடுத்தார். இளங்கசப்பு. புல்லும் புகையும் கலந்த மணம். பிடித்திருந்தது.

"உன் ஆட்கள் என்ன சொன்னார்கள்?"

"தொற்றுநோய் என்றார்கள்."

அவர் சிரித்த சிரிப்பில் குடுவையை மேசையில் வைக்க வேண்டி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வேலை பார்ப்போம்" என்றார்.

அவருடைய வேலைமுறை எளிமையானது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நான் என் தமிழை ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், உடனே அதில் உள்ளதை மட்டும் ஸ்பானிய மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். மூலத்தைப் பார்க்கக்கூடாது. மூலம் அவர் முன்னால் இருந்தது. அவருடைய விரல் வரிவரியாக நகர்ந்தது.

முதல் பக்கத்தின் நடுவில் நான் சொன்னேன்: "டொன் எமிலியோ வெந்நீர் ஊற்றி மைத்துனியிடம் நீட்டினார்."

விரல் நின்றது.

"என் ஆள் ஏன் முகத்தைச் சுளிக்கவில்லை?"

அச்சிலிருந்த வரி இது: டொன் எமிலியோ வெந்நீர் ஊற்றினார், உறிஞ்சினார், முகத்தைச் சுளித்தார், மறுபடி ஊற்றி மைத்துனியிடம் நீட்டினார்.

"அவர் மரியாதை தெரிந்தவர் என்று அதற்கு முந்தைய வரியில் எழுதியிருக்கிறீர்கள்" என்றேன். "வந்தவர்களை வைத்துக்கொண்டு தான் முதலில் குடித்தால் எங்கள் வாசகர் அதை நம்பமாட்டார்கள். அந்தச் சில சொற்களால் கதைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்."

"சற்று முன் நான் உன் முன்னாலேயே அதைச் செய்தேனே. என்னைப் பற்றி என்ன நினைத்தாய்?"

"உங்களுக்குத் தாகமாக்கும் என்று."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எழுந்து குடுவையைக் கவிழ்த்துக் கழுவினார். புது இலை போட்டு வெந்நீர் ஊற்றி என் கையில் தந்தார். "குடி."

உறிஞ்சினேன். நீர் ஆறிப்போயிருந்தது, இலைத்தூள் பல்லில் ஒட்டியது. கசப்பு நாக்கின் அடிவரை போனது. முகம் தானாகச் சுளித்தது.

"முதல் ஊற்று எப்போதும் இப்படித்தான்" என்றார் மிர்த்தா. "குளிர்ந்த இலை, தூள், கசப்பு. அதை ஊற்றுகிறவர் குடித்துத் தீர்க்க வேண்டும். எங்கள் ஊரில் அதை முட்டாளின் குடுவை என்போம். இதை விருந்தாளிக்குக் கொடுப்பாயா நீ?"

ஆசிரியையின் கடைசி வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற விருந்தினருக்கு முன் அவளுக்குக் கொடுத்தார் என்பதல்ல அது. தனக்கு முன் அவளுக்குக் கொடுத்தார் என்பது. முதல் செவ்வாயில் தான் குடித்தவர் இரண்டாம் செவ்வாயில் குடிக்கவில்லை. மிர்த்தா தடயத்தை இரண்டு இடத்தில் வெளிச்சத்திலேயே வைத்திருந்தார். நான் மரியாதை கருதி ஒன்றைத் துடைத்திருந்தேன். அதனால் என் தமிழில் இரண்டு செவ்வாயும் ஒரே மாதிரி இருந்தன.

அவர் கோபித்திருக்கலாம். அவருக்கு அதற்கு உரிமை இருந்தது. அவர் செய்தது வேறு. தட்டில் இனிப்புப் பிஸ்கற் வைத்து, கதையின் கடைசி வரிவரை அதே விரலோடு என்னுடன் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எனக்குத் தந்தார்.

புறப்படும்போது, "இப்போது அனுமதி தருவீர்களா?" என்று கேட்டேன்.

"விதி விதிதான். கதை தெரியாத ஒருவரைப் பிடித்து வாசி. யாராவது உன்னை நிறுத்தட்டும்." ட்ராம் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்து, வண்டி வந்ததும் கையைக் காட்டினார்.

திங்கள்.

ஒரு பிழை கிடைத்தால் அதன் உடன்பிறப்புகளையும் தேட வேண்டும் என்பது எங்கள் தொழிற்பாடம். காலை முழுவதும் ஏழு கதைகளிலும் நான் 'நாகரிகப்படுத்திய' இடங்களைத் தேடினேன். பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு மருமகன். இறந்த வீட்டில் சிரிக்கும் ஒரு தங்கை. அவர்களையெல்லாம் அவர்களுடைய மூல நடத்தைக்குத் திருப்பி அனுப்பினேன். டொன் எமிலியோ மறுபடி உறிஞ்சினார், முகத்தைச் சுளித்தார்.

ஆனால் வாசிக்க ஆள் இல்லை. வாசிப்பு வட்டம் முழுவதற்கும் முடிவு தெரியும். அபி தன் தோழிகளைச் சொன்னாள், அவர்களுக்குத் தமிழ் கேட்டு விளங்குவது கடினம்.

"அத்தானுக்குத் தெரியுமோ முடிவு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"நான் சொல்லேல்லை, அவர் கேக்கவுமில்லை. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம், அவர் ஒரு கதைப் புத்தகம் திறந்து நான் கண்டதில்லை. வேற ஆளைப் பாரடி."

வேறு ஆள் இல்லை. அடுத்த நாள் பின்னேரம் விமானம்.

செவ்வாய், காலை பதினொரு மணி.

அக்கா வேலைக்குப் போகுமுன் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். விமான நிலையத்துக்கு அத்தானின் கார். நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டேன்.

"அத்தான், ஒரு கதை வாசிக்கட்டோ?"

"கதையெண்டா எனக்கு நித்திரை வரும் மச்சாள். நான் ஸ்ரியறிங்கில இருக்கிறன். யோசிச்சு வாசியும்."

நான் ஏன் கேட்கிறேன் என்று நிபந்தனையைச் சொன்னேன். நீங்கள் நிறுத்தினால் புத்தகத்தில் ஏழு கதை, இல்லையென்றால் ஆறு. நான் உதவி செய்யக்கூடாது. அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்து ஓரத் தடத்துக்கு மாறினார். "வாசியும்" என்றார்.

முதல் பக்கம் முடியுமுன் தொலைபேசி ஒலித்தது. ஸ்ரௌவ்வில் வீடொன்றின் நிலக்கீழ்த் தளத்தில் ஈரம் என்று ஒருவர் புலம்பினார். சமாதானம் சொல்லி வைத்தார். நான் இரண்டு வரி பின்னால் போய்த் தொடங்கினேன். மறுபடி தொலைபேசி. அதற்கும் பதில். ஸ்காபுரோவைத் தாண்டியாயிற்று. மூன்றாவது தரம் ஒலித்தபோது இரண்டாவது செவ்வாய் நடந்துகொண்டிருந்தது.

"தம்பி, பேந்து எடுக்கிறன்" என்றார் அத்தான். "இஞ்ச ஒரு கொலை நடக்கப் போகுது." தொலைபேசியை அணைத்துக் கதவுப் பையில் போட்டார்.

மைத்துனி இறந்தார். பொலிஸ் வந்தது. நால்வரும் ஒரே குழலில் குடித்தவர்கள், ஆகவே மாத்தேயில் குற்றமில்லை என்று பொலிஸ் சொன்னது.

"பொறும், பொறும்."

நிறுத்தினேன். முன்னால் நெரிசல், கார் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இந்த மனுசன் போன கிழமை தான் குடிச்சிட்டெல்லோ குடுத்தவர்? முகத்தைச் சுளிச்சு?"

ஓம் என்று சொல்லக்கூடாது. தலையாட்டவும் கூடாது. கையிலிருந்த கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இந்த முறை ஏன் நேரா அவவுக்கு நீட்டினவர்? கேளும் மச்சாள். ஒரு ஏஜென்ற் நெடுக முன்கதவால கூட்டிக்கொண்டு போய் வீடு காட்டுவான். ஒருநாள் மட்டும், வாங்கோ பின்பக்கத்தால போவம் எண்டானெண்டா, முன்பக்கத்தில என்னவோ பிழை இருக்கு. அவனுக்கு அது தெரியும்." ஸ்ரியறிங்கைத் தட்டினார். "எல்லாரும் குடிச்சதுதான். ஆனா முதல் ஆள் ஆர்? குழாயுக்கதான் சாமான் இருந்திருக்கு. முதல் இழுவையோட அது போட்டுது. உந்த எமிலியோதான் செய்தவர். கேக்குமில்லை, குளிசையுமில்லை."

திரையிலிருந்த எழுத்துகள் மங்கின.

"பிழையோ?" என்றார்.

"சரி அத்தான். சரி."

"அப்ப ஏன் அழுறீர்?"

"அழேல்லை. ஏசி காத்து."

"ஒக்ரோபரில ஆர் ஏசி போட்டது?"

விமான நிலையம் வந்துவிட்டது. புறப்பாட்டு வாயிலில் நிறுத்தினால் இறக்கிவிட்டு உடனே போகவேண்டும். அத்தான் அங்கே நிற்கவில்லை. கார்த் தரிப்பிடக் கோபுரத்துக்குள் திருப்பி, இரண்டாம் தளத்தில் இடம் பிடித்து இயந்திரத்தை நிறுத்தினார். அங்கே அரை மணி நேரம் நிற்பதற்கு என்ன கட்டணம் என்று கேட்டேன், சொல்ல மறுத்தார். "இறங்காதையும். முடிச்சிட்டுப் போம். அந்த ரீச்சர் என்ன சொல்லுறா எண்டு நான் கேக்க வேணும்."

வாசித்தேன். கடைசி வரி முடிந்ததும் அவர் முன்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசிக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார் கடைசியில். "நஞ்செண்டு தெரியாது. முதல் குடுவையைத் தன்னட்டத் தாறான், அது பிழையெண்டு தெரிஞ்சிருக்கும். கசந்தும் இருக்கும். மரியாதைக்குப் பேசாமல் குடிச்சிருக்கிறா. எங்கட ஆக்களும் உப்பில்லாட்டியும் நல்லாயிருக்கெண்டு சொல்லித்தானே சாப்பிடுவினம். பாவம்."

நான் திரையில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். மைத்துனி முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள் என்று ஒரு வரி இருந்தது. நான் மொழிபெயர்த்த வரிதான். சோதித்த வரிதான். அதற்குள் ஒரு மனுசி இருப்பதை நான் பார்த்திருக்கவில்லை.

முன்கதவு பின்கதவுக் காரணத்தையும் உப்பில்லாத சாப்பாட்டையும் அப்படியே ஸ்பானிய மொழியில் எழுதி மிர்த்தாவுக்கு அனுப்பினேன். பெட்டியை எடுத்து வைப்பதற்குள் பதில் வந்தது. "கதை உன்னுடையது. முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள் என்ற வரியை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இன்றுவரை யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. அந்த மனிதருக்கு என் வணக்கம் சொல்."

சொன்னேன். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புத்தகத்தில நன்றியெண்டு ஒரு பக்கம் போடுவினமெல்லோ? அதில என்ர பேரும் வருமோ?"

"முதல் பேரே உங்கடதான் அத்தான்."

"அப்ப கீழ போன் நம்பரையும் போடும்."

வாயில்வரை பெட்டியை அவரே இழுத்து வந்தார். விமானம் ரொறொன்ரோவை விட்டு மேலே எழும்பியபோது ஏரி ஒருமுறை தெரிந்தது, பிறகு மேகம். வீட்டில் நாங்கள் வந்தவருக்கு முதலில் கொடுக்கிறோம், மிர்த்தாவின் ஊரில் கெட்டதை முதலில் தாங்களே குடித்துவிடுகிறார்கள். இந்த ஆறு நாளும் இரண்டு விதமாகவும் உபசரிக்கப்பட்டுத் திரும்புகிறேன். பதிப்பாளருக்கு விமானம் ஏறுமுன்னே எழுதிவிட்டேன்: ஏழு கதைகள், கூடுதலாக ஒரு நன்றிப் பக்கம். தொலைபேசி எண்ணையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். வெட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். மரியாதை கருதி இனி நான் எதையும் வெட்டுவதாக இல்லை.